பிறந்த ஊர் தண்ணிக்குள்ள இருக்கு

இந்த எபிசோட் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பத்துல ஆரம்பிச்சது.

போன வருஷம் என் அப்பத்தாவுக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்துச்சு. சிங்கப்பூர்ல இருக்கிற அத்தை, "அம்மா ஒரு தடவையாவது வந்து பேத்தியப் பாத்துட்டுப் போகட்டும்"னு பிடிவாதமா நின்னாங்க. வீட்டுல கம்ப்யூட்டர் வேலை பாக்கிறவன் நான் ஒருத்தன்தான். அதனால ரேஷன் கார்டுல இருந்து கேஸ் புக்கிங் வரைக்கும் எல்லா ஆன்லைன் வேலையும் என் தலையிலதான். பேர், அவங்க அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் சரசரன்னு போச்சு. 'பிறந்த ஊர்'ங்கிற கட்டத்துல வந்து நின்னுச்சு.

"அப்பத்தா, நீ எந்த ஊர்ல பொறந்த?"

"பழைய ஊர்லய்யா."

"பழைய ஊருன்னா? பேரு?"

"பழைய ஊருதான். டேமுக்குள்ள கெடக்குல்ல."

எனக்கு 28 வயசு. இந்த 'பழைய ஊரு'ங்கிற வார்த்தையை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல, பங்காளிச் சண்டையில எல்லாம் வரும். ஆனா அந்த ஊருக்கு ஒரு பேர் இருக்கும்னு அதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, யாருக்கோ பயந்த மாதிரி மெதுவா, அப்பத்தா பேரைச் சொன்னாங்க. (அந்தப் பேரை இங்க சொல்லப்போறதில்ல. அது அவங்க பாஸ்போர்ட் விவரம். ஐடி கம்பெனியில வருஷா வருஷம் டேட்டா ப்ரைவசி ட்ரெயினிங் எடுத்து எடுத்து வந்த பழக்கம்.)

மேப்ல தேடினேன். ஆண்டிபட்டிப் பக்கம், வைகை அணை. நீலக் கலர்தான் இருந்துச்சு. அடுத்து மாவட்டம் கேட்டுச்சு. அப்பத்தா பிறந்தப்ப அது மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டம் ஆனது 1996ல. அதுக்கு கிட்டத்தட்ட 40 வருஷம் முன்னாடியே ஊர் போயிருச்சு. இல்லாத ஊர் எந்த மாவட்டத்துல வரும்? எங்க வேலையில இதை 'எட்ஜ் கேஸ்'னு சொல்லுவோம். ஃபார்ம் டிசைன் பண்ணவன் யோசிக்காத ஆள். அன்னைக்கு என் அப்பத்தாதான் அந்த எட்ஜ் கேஸ்.

அப்புறம்தான் இன்னொண்ணு உறைச்சுச்சு. தினம் காலைல பேப்பர் வந்ததும் அப்பத்தா கேக்கிற முதல் கேள்வி, "டேமுல எத்தனை அடி?" எல்லாரும் விவசாயத்துக்காகக் கேக்கிறாங்கன்னுதான் நினைச்சிருந்தோம். எங்களுக்கு ஒரு சென்ட் நஞ்சை கிடையாது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

கம்பம் பள்ளத்தாக்குல தண்ணிக்கு ஒரு பெரிய கதை இருக்கு, அது எல்லாருக்கும் தெரியும். மேற்க பாய்ஞ்சு அரபிக்கடல்ல கலந்துக்கிட்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறிச்சு, மலையைக் குடைஞ்சு சுரங்கம் வழியா கிழக்க திருப்பிவிட்டாங்க. பொறியாளர் பென்னிகுயிக். 1887ல ஆரம்பிச்சு 1895ல முடிச்ச வேலை. இன்னைக்கும் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணியிலதான். ஜனவரி 15 அவர் பிறந்தநாள், அன்னைக்கு அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்க. லோயர்கேம்ப்ல 2013ல மணிமண்டபம் திறந்தாங்க. பிள்ளைக்கு பென்னிகுயிக்னு பேர் வச்ச வீடும் உண்டு. ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரை சாமி மாதிரி வச்சிருக்கிற இடம் வேற எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. நானும் இன்ஜினியர்தான், பொறாமையா இருக்கும்.

இது தண்ணி வந்த கதை. இதே தண்ணி கீழே போய் வைகையில சேருது. அங்க இன்னொரு அணை. 111 அடி உயரம், 71 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம். 1959 ஜனவரி 21ல காமராஜர் திறந்து வச்சார். மதுரையைச் சுத்தின பாசனத்துக்கும் குடிதண்ணிக்கும் உயிர் அதுதான். அந்த அணைக்காக 14 கிராமங்கள் காலியாச்சு. இது தண்ணி மூழ்கடிச்ச கதை. இதுக்குப் பொங்கல் கிடையாது, மணிமண்டபமும் கிடையாது. நாங்க ஸ்கூல் டூர் போனப்ப பூங்காவுல சறுக்கு விளையாடிட்டு, கரையில நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தோம். அடியில ஊர் இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. என் அப்பத்தா ஊரே அங்கதான் கிடக்கு, அது எனக்கே தெரியாது.

இந்த ரெண்டாவது கதையை எடுத்துச் சொன்னது அரசாங்கமும் இல்ல, பாடப்புத்தகமும் இல்ல. ஒரு நாவல்.

அந்த 14 ஊர்ல ஒண்ணு மெட்டூர். அங்க 1953ல பிறந்த ஒரு பையன், 1957ல குடும்பத்தோட கிளம்பி வடுகபட்டிக்கு வர்றான். அப்ப அவனுக்கு நாலு வயசு. 1980ல 'நிழல்கள்' படத்துல முதல் சினிமாப் பாட்டு எழுதுறான். இயக்கம் அல்லிநகரம் பாரதிராஜா, இசை பண்ணைப்புரம் இளையராஜா, பாட்டு வடுகபட்டி வைரமுத்து. சென்னையில எடுத்த படத்துக்கு மூணு பேரும் தேனிப் பக்கத்து ஆளுங்க. அந்த வைரமுத்து ஊர்விட்டு 40 வருஷத்துக்கு மேல ஆனப்புறம் ஆனந்த விகடன்ல ஒரு தொடர் எழுதுறார். அதுதான் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003ல சாகித்திய அகாதமி விருது வாங்கினது.

இங்க ஒண்ணு சொல்லிட்டுத்தான் மேல போகணும். 2018ல பாடகி சின்மயி உட்பட பல பெண்கள் வைரமுத்து மேல பாலியல் புகார் சொன்னாங்க. அவர் மறுத்தார். நம்ம கேட்பவர்கள்ல சிலர் அவர் பேர் வந்தாலே எபிசோடை நிறுத்திருவாங்கன்னு எனக்குத் தெரியும், அந்தக் கோபம் எனக்குப் புரியுது. ஆனா வைகை அணை மூழ்கடிச்ச ஊர்களைப் பத்திப் பேசணும்னா இந்த நாவலைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியல. அதனால புத்தகத்தைப் பத்திப் பேசுறேன்.

கதையோட நடுநாயகம் பேயத்தேவர்னு ஒரு பெரியவர். காஞ்ச பூமி, கள்ளிக்காடு. அதுல அவர் கிணறு வெட்டுறார், மாடு வளர்க்கிறார், பெத்த பிள்ளைங்களால அவதிப்படுறார், பேரன் மொக்கராசுவைத் தூக்கி வளர்க்கிறார். பாதி நாவல் வரைக்கும் அணையைப் பத்தி பெருசா எதுவும் இருக்காது. ஒரு மனுஷன் ஒரு துண்டு நிலத்தோட எவ்வளவு மல்லுக்கட்டுறான்னு மட்டும்தான் இருக்கும். அப்புறம் அணை வருது, கடைசியில அந்தத் தண்ணியே அவரைக் கொண்டுபோகுது.

எனக்கு இதுல உறுத்தின கேள்வி வேற. நாலு வயசுல ஊரைவிட்டு வந்தவருக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கும்? எனக்கு நாலு வயசுல ஒரு சிவப்பு பிளாஸ்டிக் லாரி மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அப்ப அந்த நாவல்ல இருக்கிற கிணறு, ஏர், பேச்சு, வசவு எல்லாம் யாரோட ஞாபகம்? பெரியவங்க திண்ணையில உக்காந்து சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த ஞாபகமாத்தான் இருக்கணும்.

இதுக்கு வெளியுலகத்துல ஒரு பேரே இருக்கு. ஆர்ட் ஸ்பீகல்மேன்னு ஒரு அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர். 1948ல பிறந்தவர். அவங்க அப்பா அம்மா நாஜி வதைமுகாம்ல இருந்து பிழைச்சு வந்தவங்க. அவர் அப்பா முன்னாடி டேப் ரெக்கார்டரை வச்சு உக்காந்து, கேட்டதை எலியும் பூனையுமா வரைஞ்சார். அதுதான் 'மவுஸ்', 1992ல புலிட்சர் பரிசு வாங்கிச்சு. இந்தப் புத்தகத்தைப் பத்தி எழுதும்போதுதான் மரியான் ஹிர்ஷ்னு ஒரு பேராசிரியர், தான் அனுபவிக்காம பெத்தவங்ககிட்ட இருந்து வந்து ஒட்டிக்கிற ஞாபகத்துக்கு 'போஸ்ட்மெமரி'ன்னு பேர் வச்சாங்க. நான் அதைப் 'பின்ஞாபகம்'னு சொல்லிக்கிறேன். 'மவுஸ்'ல எனக்குப் பிடிச்சது அந்தக் கொடுமைகளை வரைஞ்ச பக்கங்கள் இல்ல. அப்பாவும் மகனும் சில்லறை விஷயத்துக்கெல்லாம் சண்டை போட்டுக்கிற பக்கங்கள். கேக்கிறவனுக்கும் சொல்றவருக்கும் நடுவுல இருக்கிற எரிச்சலையும் சேர்த்து வரைஞ்சிருப்பார்.

அந்த எரிச்சல் எனக்கும் கிடைச்சுது. பாஸ்போர்ட் வேலை முடிஞ்சதும், போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு அப்பத்தாவுக்கு கள்ளிக்காட்டு இதிகாசத்தை வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். சாயங்காலம் ஒரு மணி நேரம், சீரியலுக்கு முன்னாடி. கிணறு வெட்டுற இடத்துல தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க, நடுநடுவுல "அப்படித்தான்"னு சொன்னாங்க. என் உச்சரிப்பு தப்பா இருந்தா உடனே திருத்துவாங்க. முடிவு வந்துச்சு. நான் தொண்டை அடைச்சுப்போய் நிறுத்தினேன். அப்பத்தா அமைதியா இருந்தாங்க. அழப்போறாங்கன்னு நினைச்சேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அப்பத்தா."

"தண்ணி வந்துச்சு, கெழவன் போயிட்டான். சரி. மறுநா காலைல கஞ்சிக்கு என்ன பண்ணுனாக? அத எழுதலியா?"

என்கிட்ட பதில் இல்ல. நாவல் தண்ணி ஏறுறதோட முடிஞ்சுது. அப்பத்தாவுக்கு அப்ப 13 வயசு, அவங்களுக்கு அதுக்கப்புறம்தான் எல்லாமே. அன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் பேசினாங்க. சீரியலைக்கூட கேக்கல. வண்டியில என்னென்ன ஏத்தினாங்க, எதை விட்டாங்கன்னு சொன்னாங்க. வீட்டு நிலைக்கதவைக் கழட்டி எடுத்துட்டு வந்திருக்காங்க. அது இன்னைக்கும் அப்பாவோட தாய்மாமா வீட்டுலதான் இருக்கு. அந்தக் கதவு ரொம்பக் குட்டை. சின்ன வயசுல இருந்து அங்க போறப்ப எல்லாம் தலையில இடிச்சுக்கிட்டு, "புதுக் கதவு போட்டா என்ன"ன்னு கேட்டிருக்கேன். யாரும் எதுவும் சொன்னதில்ல. சொந்தமா நிலம் வச்சிருந்த அவங்க அப்பா, புது இடத்துக்கு வந்து ரெண்டே மாசத்துல மலைக்கு ஏலக்காய் மூட்டை தூக்கப் போயிட்டாராம்.

அப்பத்தா கேட்ட அந்த 'மறுநா காலை'க்குப் பக்கத்துல வர்ற ஒரு படைப்பு இருக்கு. அது சினிமா. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரிச்சு 2018 ஆகஸ்ட்ல வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. நம்ம பக்கத்து மலையடிவாரம். ரங்கசாமின்னு ஒரு கூலித் தொழிலாளி, மலைப்பாதையில ஏலக்காய் மூட்டை சுமக்கிறான். ஒரு துண்டு நிலம் வாங்கணும், அவ்வளவுதான் கனவு. நடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க அந்தப் பகுதி ஜனங்க. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். கதையைச் சொல்லிடுறேன், படம் வந்து பல வருஷம் ஆச்சு: கடைசியில அவன் நிலம் கைவிட்டுப் போயி, அங்க காத்தாலை நிக்குது. அதே இடத்துல அவன் வாட்ச்மேன். அந்தக் கடைசி ஷாட்ல கேமரா மேல போய்க்கிட்டே இருக்கும். அவன் சின்னதா ஆயிக்கிட்டே வருவான்.

இந்தப் படத்தை லேப்டாப்ல அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கதையை அவங்க பாதிதான் கவனிச்சாங்க. பாதை வர்றப்ப மட்டும் நிமிர்ந்து உக்காந்தாங்க. "இந்த மாதிரி ஏத்தத்துலதான் எங்கய்யா போயிருக்காரு"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல. நாவலைவிட இந்தப் படம் எனக்கு நேர்மையாப் பட்டுச்சு. ஏன்னா அதுல பெருசா யாரும் சாகிறதில்ல. ஒருத்தன் மெதுமெதுவா தன் நிலத்துக்கே வேலைக்காரன் ஆகுறான். இழப்புன்னா பெரும்பாலும் அப்படித்தான நடக்குது?

அந்தப் படத்துக்கு இசை இளையராஜா. அவருக்கும் இந்த மலை ஏத்தம் புதுசு இல்ல.

1943ல பண்ணைப்புரத்துல பிறந்தவர். அப்பா ராமசாமி கேரள எல்லைத் தேயிலை எஸ்டேட்ல வேலை பார்த்தவர், சீக்கிரமே போயிட்டார். குடும்பத்துல பாட்டை ஊருக்குள்ள கொண்டுவந்தது அண்ணன் பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். 1958ல தேவிகுளம் இடைத்தேர்தல். மலை மேல தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளிங்க ஓட்டு. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். அங்க போய்ப் பாடினார் பாவலர், அவங்க ஜெயிச்சாங்க. அந்த வெற்றியில பாவலர் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டுன்னு இன்னைக்கும் இந்தப் பக்கம் சொல்லுவாங்க. அந்த அண்ணனோட தம்பிகளும் ஊர் ஊராப் போனாங்க, 'பாவலர் பிரதர்ஸ்'னு. அண்ணனோட ஆர்மோனியத்தைத் தொட விடமாட்டாங்க, திருட்டுத்தனமா வாசிச்சுத்தான் கத்துக்கிட்டேன்னு இளையராஜா பல மேடையில சொல்லியிருக்கார். அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு வித்து, பிள்ளைங்களை மெட்ராஸ் அனுப்பின கதையும் அவர் சொன்னதுதான்.

பாவலர் பாட்டு ராத்திரி மேடைக்கான பாட்டு. விடிஞ்சா அடுத்த ஊர். அது போன இடம் எதுன்னு தேடினா, தம்பி போட்ட மெட்டுக்குள்ளதான் தேடணும். குடும்பத்தோட தயாரிப்பு நிறுவனத்துக்கு 'பாவலர் கிரியேஷன்ஸ்'னு பேர் வச்சாங்க. 1991ல 'தளபதி'யில, பிள்ளையைத் தொலைச்ச தாய்க்காக வாலி எழுதின பாட்டு 'சின்னத்தாயவள்'னு ஆரம்பிக்கும். இசையமைப்பாளரோட அம்மா பேர் முதல் சொல்லுக்குள்ளயே இருக்கு. சூர்யா கதை தெரிஞ்சவங்களுக்கு அது படத்துப் பாட்டு. பண்ணைப்புரக் கதை தெரிஞ்சவங்களுக்கு வேற மாதிரி கேக்கும்.

வைரமுத்து மாதிரி அவர் ஊர்க்கதையை உக்காந்து எழுதல. சினிமாவுல யாரோ ஒருத்தர் சிச்சுவேஷன் சொல்லுவார், அதுக்கு மெட்டுப் போடணும். அடுத்தவன் கதைக்குள்ள தன் வீட்டுத் துக்கத்தை வச்சுட்டுப் போறதுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? ஒரு சொல், நாலு நிமிஷம். அந்த இடம் போதும்னு காட்டினவர்ங்கிறது என் அபிப்பிராயம்.

அவர் மகள் பவதாரிணிக்கு தேசிய விருது கிடைச்சது 'பாரதி' படத்துல, அப்பா இசையில பாடின 'மயில் போல' பாட்டுக்காக. 2024 ஜனவரி 25ல இலங்கையில அவங்க இறந்தாங்க. உடலைக் கொண்டுவந்து அடக்கம் பண்ணினது சென்னையில இல்ல. கூடலூர் பக்கம் லோயர்கேம்ப்ல, பாட்டி சின்னத்தாய்க்கும் அம்மா ஜீவாவுக்கும் பக்கத்துல. பெரியாத்துத் தண்ணி மலையைவிட்டு இறங்குற அதே லோயர்கேம்ப். பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிற அதே ஊர். அந்த வழியா குமுளி பஸ்ல போறப்ப நான் இப்பல்லாம் ஹெட்போனைக் கழட்டிடுறேன். ஏன்னு சரியாச் சொல்லத் தெரியல.

வேல்ஸ்ல கேப்பல் கெலின்னு ஒரு கிராமம். லிவர்பூல் நகரத் தண்ணித் தேவைக்காக 1965ல மூழ்கடிச்சாங்க. நாப்பது வருஷம் கழிச்சு 2005ல லிவர்பூல் நகர சபை மன்னிப்புக் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடியே, ரோட்டோரம் ஒரு இடிஞ்ச சுவர்ல அதை மறக்காதேன்னு யாரோ பெயின்ட்ல எழுதினாங்க. அந்தச் சுவரைப் பல தடவை அழிச்சாங்க, இடிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து திரும்ப எழுதினாங்க. வைகைக்கரையில அப்படி ஒரு சுவர்கூட வேண்டாம். 14 ஊர் பேரையும் எழுதின ஒரு போர்டு போதும், சறுக்கு விளையாடுற பூங்காவுலயே வைக்கலாம். மதுரைக்குத் தண்ணி வேணாம்னு யாரும் சொல்லல. நானும் மதுரையில நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சப்ப அந்தத் தண்ணியைத்தான் குடிச்சேன்.

அப்பத்தா ரெக்கார்டிங் இப்ப ஆறு மணி நேரம் சேர்ந்திருக்கு. பாதி நேரம் மிக்ஸி சத்தம், பக்கத்து வீட்டு நாய். எடிட் பண்ண உக்காந்தா மிக்ஸியை எடுக்க மனசு வரல. இந்த எபிசோட்ல அதைப் போடலாமான்னு கேட்டேன். "ஊரு பேரு மட்டும் போடாத. கேட்டா நம்ம ஆளுக அழுவாக"ன்னாங்க.

பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்ல வந்துச்சு. மாவட்டம் கேட்ட இடத்துல தேனின்னுதான் போட்டிருந்தேன். அப்பத்தா தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, இங்கிலீஷ் தெரியாது. பிறந்த ஊர் இருக்கிற வரியை விரலால காட்டினேன். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கிட்டிருந்தாங்க.

"இதுல போட்டுருக்கா?"

"போட்டிருக்கு அப்பத்தா."

"சரி, பத்திரமா உள்ள வையி. இன்னைக்கு எத்தனை அடி?"

பேப்பரைப் பாத்தேன். 62.